இருபத்துநான்காம் தேதி வரை ஆறக்கூடாது

முப்பதடி ஏணியின் உச்சியில் நின்று இருபத்திரண்டு வருஷம் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. நான் விழுந்தது எங்கே தெரியுமா? வேலை முடிந்து, ஏணியை விட்டு இறங்கி, கை கழுவி, வீட்டுக்குக் கிளம்பும்போது, நடைபாதையின் ஓரத்தில். நாலு விரற்கடை உயரம் இருக்கும். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. கணுக்காலின் வெளிப்பக்கம் ‘பட்’டென்று ஒரு சத்தம். அரை மணி நேரத்தில் கணு எது, குதிகால் எது என்று தெரியாதபடி வீங்கிவிட்டது.

போதனா மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருந்தது. அதுவும் என் கெட்ட நேரம்தான்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். தங்கமான பிள்ளை. கணுவின் இரண்டு பக்கமும் எலும்பை அழுத்திப் பார்த்தார். நாலு அடி நடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

“எலும்பு உடையலை. எக்ஸ்ரே கூட வேண்டாம். இது சுளுக்கு” என்றார். “கணுவுக்கு வெளிப்பக்கம் மூணு நார் இருக்கு. முன்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னால ஒண்ணு. கால் உள்ளே மடங்கினா முதல்ல போறது முன்னால இருக்கிறதுதான். உங்களுக்கு அது அறுந்திருக்கும்போல. பயப்படாதீங்க. ஐஸ் வையுங்க, காலைத் தூக்கி வையுங்க, கணுவுக்கு பெல்ட் போட்டுக்குங்க. நாலஞ்சு நாள்ல மெதுவா அசைக்க ஆரம்பிங்க. ஆறு வாரத்துல தானா சேர்ந்துக்கும்.”

“மறுபடி ஏணி ஏறலாமா டாக்டர்?”

“யாரும் பிடிச்சு இழுக்காம விட்டா, தாராளமா ஏறலாம்.”

எனக்கு உயிர் வந்தது. ஏணி ஏறினால்தான் நான் பெயின்டர். ஏறாவிட்டால் பக்கெட் தூக்குகிற ஆள். டாக்டர் சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தார். அவர் அதை மூடுவதற்குள் பேராசிரியர் உள்ளே வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால் பதினெட்டு மாணவர்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கையால் என் காலைக் கணுவுக்கு மேலே அழுத்திப் பிடித்தார், மறு கையால் குதிகாலைப் பிடித்து முன்பக்கமாக இழுத்தார். மேசை டிராயரை இழுப்பார்களே, அப்படி. அந்தச் சோதனைக்குப் பெயரே டிராயர் டெஸ்ட்தானாம். நார் அறுந்திருந்தால் பாதம் டிராயர்போல முன்னால் வருமாம். நான் போட்ட கூச்சலில் வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். பேராசிரியர் முகத்தில் ஒரு பூரிப்பு.

“பார்த்தீங்களா? எவ்வளவு அழகா வருது!”

என் உடம்பில் எந்தப் பாகத்தையும் அதுவரை யாரும் அழகு என்று சொன்னதில்லை. கல்யாணமானவன் நான். அதனால் ஒரு கணம் வெட்கப்படக்கூடச் செய்தேன்.

“வீட்டுக்கு அனுப்பலாம்னு…” என்றார் இளம் டாக்டர்.

“பைத்தியமா உனக்கு? பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருக்கு. இவ்வளவு நல்ல கால் மறுபடி கிடைக்குமா? அட்மிட் பண்ணு.”

நல்ல கால் என்று அவர் சொன்னது அறுந்த காலை. அந்த இடத்தில் வார்த்தைகளெல்லாம் அப்படித்தான் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

என்னைப் பரீட்சை வார்டில் போட்டார்கள். மாணவர்கள் பரீட்சையில் பார்த்து விடை சொல்வதற்கென்று நோயாளிகளைச் சேர்த்து வைக்கிற இடம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. நான் கணுக்கால். பக்கத்துப் படுக்கைக்காரர் மண்ணீரல். மூன்று பரீட்சை பார்த்த அனுபவசாலி. அவருடைய மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து டாக்டரானவர்கள் நூற்றுக்கும் மேல் என்று சொல்லிக்கொள்வார்.

“தம்பி, இங்க ஒரே ஒரு சட்டம்தான்” என்றார். “குணமாகாம பார்த்துக்கோ. போன வருஷம் ஒருத்தனுக்கு வாரம் முழுக்க காய்ச்சல், பரீட்சைக்கு முந்தின நாள் விட்டுடுச்சு. பெரியவர் அவனைப் பார்த்த பார்வை இருக்கே, எனக்கே குளிர் வந்துடுச்சு.”

நான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்கும். முதலில் ஒரு ஜோடி, நிதானமாக. பின்னால் பதினெட்டு ஜோடி, தடதடவென்று. அந்தச் சத்தம் திரும்பும் இடத்தை என் கணுக்கால்தான் முதலில் தெரிந்துகொள்ளும். எனக்கு முன்னால் அது நடுங்க ஆரம்பித்துவிடும். இளம் டாக்டர் போட்டுவிட்டிருந்த பெல்ட்டை முதல் நாளே கழற்றி எடுத்துப்போய்விட்டார்கள், ‘அடையாளங்கள் கெட்டுவிடும்’ என்று. ஒருவர் பின் ஒருவராகப் பதினெட்டு பேரும் இழுப்பார்கள். கடைசியில் நின்ற ஒரு பெண் மட்டும், “வலிக்குதாண்ணா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க. நேரத்தை வீணாக்காதே” என்றார் பேராசிரியர்.

மத்தியான வேளையில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற அம்மா ஒருவர் வருவார். பெரிய டாக்டர்கள் தூங்கும் நேரம் அது. என் காலைத் தொடாமல், குனிந்து பார்த்தே நெற்றியைச் சுருக்கினார்.

“அறுந்த நாரோட ரெண்டு முனையும் ஒட்டப் பார்க்குதுண்ணா. ராத்திரி கொஞ்சம் ஒட்டியிருக்கும். காலையில வந்து பிரிச்சு விட்டுடுறாங்க. இப்படியே போனா, கால் காலத்துக்கும் லொடலொடன்னுதான் இருக்கும்.”

“ஈரப் பெயின்டைக் காய்ஞ்சிடுச்சா, காய்ஞ்சிடுச்சான்னு தொட்டுப் பார்க்கிற மாதிரி.”

“அதேதான்.”

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பதடி உயரத்தில் நிற்கும்போது கணுக்கால் லொடக்கென்று மடங்கினால் என்ன ஆகும் என்று கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மனு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. பரீட்சைப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் பட்டியலில் உள்ள உறுப்புகள் எதையும் வெளியே அனுப்ப இயலாது. மேலும், பரீட்சை நோயாளிகள் தம் நோய்க்குறிகளை இருபத்துநான்காம் தேதி வரை சிதையாமல் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்கள். இடையில் முன்னேற்றம் ஏதும் ஏற்பட்டால் அதற்கு நோயாளியே முழுப் பொறுப்பு. கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நான் மனு கொடுத்த சங்கதி பேராசிரியருக்குப் போய்ச் சேர்ந்தது. என் கட்டில் முன்னால் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

“இவர் வீட்டுக்குப் போகணுமாம். ஏன்னு கேட்டா, குணமாகணுமாம்.” மாணவர்கள் சிரித்தார்கள். “குணமாக்குறது என்ன பெரிய வித்தையா? மூலைக்கு மூலை இருக்கிற கிளினிக்ல கூடப் பண்றான். நாம அதைவிட ஒரு படி மேல. நோயாளி இன்னைக்கு வருவான், நாளைக்குப் போவான். மாணவன் அஞ்சு வருஷம் இருக்கான். யாரை முக்கியமா நினைக்கிறது? நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லப்பா. உன் கால் தாராளமா ஆறட்டும். எனக்கும் சந்தோஷம்தான். இருபத்தஞ்சாம் தேதி காலையில ஆறட்டும். ஒரு நாள் முன்னால ஆறி எங்க மானத்தை வாங்கிடாதே.”

எல்லோரும் ‘ஆறட்டும்’ என்ற வார்த்தையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு இழுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, நல்ல கொட்டை எழுத்தில், ‘ஈரம். தொடாதீர்கள்’ என்று எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் தொடாமல் போன ஒரு மனிதனையும் நான் கண்டதில்லை என்பது அந்த நேரம் மறந்துபோனது. அன்று சாப்பாட்டு வண்டிக்காரர் தொட்டார், லிஃப்ட் இயக்குபவர் தொட்டார், எதிர் வார்டுக்குப் பார்வையாளராக வந்த ஒருவர் குடும்பத்தோடு வந்து தொட்டார். “என்ன ஈரம், ஒண்ணையும் காணோமே?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அட்டையை நானே கிழித்தேன்.

சாயங்காலம் என் மனைவி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமாயிருக்கு, ரொம்பப் பயமாயிருக்கு என்றேன். இருபது வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: “ஏங்க, உங்களுக்கு ரெண்டு கால் இருக்குல்ல?”

“இருக்கு.”

“நல்லதை நீட்டுங்க.”

“கண்டுபிடிச்சிடுவாங்கடி!”

“இவங்களா?” என்றாள்.

மறுநாள் காலை, ஆன மட்டும் தைரியத்தைத் திரட்டி, இடது காலை வெளியே நீட்டினேன். வலது கால் போர்வைக்குள், அவள் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்த பெல்ட்டுக்குள் இருந்தது. பூட்ஸ் சத்தம் நெருங்க நெருங்கப் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் இடது காலைப் பிடித்தார். பிறந்ததிலிருந்து ஒரு முள் குத்தாத கால் அது. இழுத்தார்.

“ஆகா! நேத்தைவிட நல்லா வருது. முழுசா அறுந்திருக்கு. பாருங்க.”

பதினேழு பேர் இழுத்துப் பார்த்து, ஆமாம் சார், நல்லா வருது சார் என்றார்கள். கடைசிப் பெண் மட்டும் இழுத்துவிட்டுக் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். அவள் போர்வை ஓரத்தைச் சரியாக இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அதன் பிறகுதான் உண்மையான பயமே பிடித்தது. எந்தக் கால் என்று தெரியாதவர்கள் கையில் என் இரண்டு காலும் இருந்தன. நாளைக்குக் கத்தியை எடுத்தால் எதை வெட்டுவார்கள்?

ஐந்து வாரம் இடது கால் வேலை பார்த்தது, வலது கால் ஓய்வெடுத்தது. மத்தியானங்களில் உடற்பயிற்சி அம்மா வந்து வலது பாதத்தை மேலே கீழே அசைக்கச் சொன்னார். பிறகு துண்டைப் பாதத்தில் மாட்டி எதிர்த்து அழுத்தச் சொன்னார். கடைசி வாரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். மண்ணீரல் வாசலில் காவல் இருந்தார். “நீ ஆகாத வேலை பார்க்கிறே தம்பி” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாலும், பூட்ஸ் சத்தம் கேட்டால் இருமுவார். இருபத்திரண்டாம் தேதி அந்த அம்மா என் கணுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கெட்டியா ஒட்டிடுச்சுண்ணா” என்றார். பெல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இருபத்துநான்காம் தேதி. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். மேசை மேல் முத்திரையிட்ட உறை. அதற்குள் என் காலின் விடை இருந்தது. நான் வழக்கம்போல் இடது காலை நீட்டினேன். தேர்வாளர் பட்டியலைப் பார்த்தார்.

“இதுல வலது கால்னு போட்டிருக்கு.”

ஆறு வாரத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒருவர் காகிதத்தையும் காலையும் சேர்த்துப் பார்த்தது அன்றுதான். நர்ஸ் போர்வையை உருவினார். பெல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

“ஐயா, இது ஆறிடுச்சு” என்று கத்தினேன்.

“நோயாளி பேசக் கூடாது” என்றார் தேர்வாளர். “விடை சொல்லிக்கொடுத்ததா ஆகும். மறுபடி பேசினா, மாணவரைக் காப்பியடிச்சதுக்காக வெளியே அனுப்பிடுவேன்.”

மொத்தம் நாற்பது மாணவர்கள். குலுக்கலில் முதல் எண் அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு விழுந்திருந்தது. முன்னால் வந்தாள். முதலில் இடது காலைப் பார்த்தாள், பிறகு வலதை. மெதுவாக, குழந்தையைத் தூக்குவதுபோல், குதிகாலைப் பிடித்து ஒரே ஒரு தடவை இழுத்தாள்.

“உறுதியா இருக்கு சார். ரெண்டு காலும் ஒரே மாதிரிதான் இருக்கு. அறுந்திருக்கலாம், ஆனா இப்ப ஆறிடுச்சு.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த மருத்துவமனையில் ஒரு டாக்டர் வாயிலிருந்து ‘ஆறிடுச்சு’ என்று கேட்டேன் பாருங்கள். தேர்வாளர் உறையைப் பிரித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“முழுசா அறுந்ததுன்னு இருக்கேம்மா. பூஜ்யம். அடுத்தது.”

பூஜ்யம் என்ற சொல் வராந்தா முழுக்கப் பரவிவிட்டது. இரண்டாவது மாணவன் வரும்போதே விடையோடு வந்தான். ஆனால் கால் கொடுக்க மறுத்தது. இன்னும் அழுத்தி இழுத்தான். “வருது சார்” என்றான். முழு மதிப்பெண். மூன்றாவது மாணவன் கட்டிலில் முழங்காலை ஊன்றி இழுத்தான். ஏழாவது பையன் நல்ல பலசாலி. ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் போனவனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தான், இல்லாததை வரவழைத்தே தீர வேண்டும் என்று. நான் பேசக் கூடாது. தலையணையைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஆண்டவா, இன்னும் இருபது.

இருபத்துமூன்றாவது ஆள் இழுத்தபோது ‘பட்’டென்று சத்தம் கேட்டது. நடைபாதை ஓரத்தில் கேட்ட அதே சத்தம்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சிரமமே இல்லை. எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

நாற்பதும் முடிந்தபின் தேர்வாளருக்கு இரக்கம் பிறந்தது. “அந்த முதல் பொண்ணு பாவம், பதட்டத்துல தப்பா சொல்லியிருக்கும். கூப்பிடுங்க, இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம்” என்றார். அவள் வந்து, காலைக் கையில் ஏந்தினாள். இழுக்கவே தேவையிருக்கவில்லை.

“இப்ப வருது சார்.”

“அந்த ‘இப்ப’ எதுக்கு?”

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம்மா, உன் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கண்ணாலேயே சொன்னேன்.

“வருது சார்” என்றாள். தேர்வு அறையில் கைதட்டினார்கள். அவள் கண்ணீர் என் கணுக்காலில் விழுந்தது. ஐஸுக்குப் பதிலாக அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டில் எழுதியிருந்தது: ‘சேர்ந்தபோது இருந்த நிலையிலேயே செல்கிறார். நோயாளி நன்கு ஒத்துழைத்தார்.’

மறுபடி முதலிலிருந்து எல்லாம். உடற்பயிற்சி அம்மா புண்ணியவதி, வாரம் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். ஐஸ், பெல்ட், துண்டு, ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. நாலு மாதம் போனது. “கால் தயார்ணா, நீங்கதான் தயாராகலை” என்றார். உண்மைதான். ஏணியின் முதல் படியில் வலது காலை வைத்தால் போதும், அந்தப் ‘பட்’ சத்தம் காதுக்குள் கேட்கும். உடனே இறங்கிவிடுவேன். காண்ட்ராக்ட் எடுக்கிற என் மச்சான் பாவப்பட்டு, சுவரின் கீழ்ப்பகுதியை எனக்கு ஒதுக்கினார். இடுப்புயரம் வரை நான், அதற்கு மேல் மற்றவர்கள். ஏணிக்காரனாக இருந்தவன் குனிந்து குனிந்து அடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். அது இன்னும் வலித்தது.

அப்போதுதான் மச்சானுக்கு அந்தக் காண்ட்ராக்ட் கிடைத்தது. அதே மருத்துவமனையின் வெளிச்சுவர்.

வரமாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். “வெளிச்சுவர்தான மாப்ளே, உள்ளேயா போகப்போறே?” என்றார். போனேன். பத்தடி தூரத்துக்குக் கீழ்ப்பகுதியை அடித்து முடித்து, ‘ஈரம். தொடாதீர்கள்’ அட்டையை மாட்டினேன். மேல்பகுதிக்காக ஏணி சாய்த்து வைத்திருந்தது. அதற்குரிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தான்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜோடி, நிதானமாக.

பேராசிரியர் அட்டையைப் படித்தார். ஆட்காட்டி விரலால் சுவரைத் தொட்டார். “இன்னும் காயலையே” என்றார். பின்னால் வந்தவர்கள் வரிசையாகத் தொட்டார்கள். அவருடையதுக்குப் பக்கத்தில் பதினேழு விரல் அடையாளம். நான் வாளிக்குப் பின்னால் குனிந்திருந்தேன். அவர் விரலைத் துடைக்கத் துணி தேடித் திரும்பினார்.

“அட, நம்ம கணுக்கால்!”

நான் வாளியை இழுத்துக் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டேன்.

“எப்படியிருக்கே? அடுத்த வாரம் துணைத் தேர்வு வருது. கால் கிடைக்காம அலைஞ்சுக்கிட்டு இருக்கோம். நீட்டுப்பா, ஒரு நிமிஷம் பார்த்துட்டு விட்டுடறோம்.” இரண்டு கையையும் உரசிக்கொண்டே வந்தார். பதினெட்டு பேரும் அரைவட்டமாகச் சூழ்ந்தார்கள்.

பின்னால் சுவர். முன்னால் அவர்கள். பக்கவாட்டில் ஏணி.

என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது நான் பதினான்காவது படியில் இருந்தேன். உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. வலது கால் மட்டும் ஆடாமல் படியில் நின்றது. வலிக்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

“இறங்குப்பா! ஏணி எல்லாம் ஏறக் கூடாது, உனக்கு நார் முழுசா அறுந்திருக்கு!” என்று கீழேயிருந்து கத்தினார் பேராசிரியர். “யாராவது அந்த ஏணியைப் பிடிச்சு ஆட்டுங்க, தானா இறங்குவான்!”

கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்து ஏணியின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதே பெண்தான். சுவரைத் தொடாதவள் அவள் ஒருத்திதான், அவள் விரல்களில் பெயின்ட் இல்லை. ஏணி ஆடவில்லை. அவள் தலையை நிமிர்த்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“ஆறிடுச்சுண்ணா. இறங்கிடாதீங்க.”

நான் இன்னும் நாலு படி ஏறினேன். அன்றைக்கு மேல்சுவர் முழுவதையும் நானே அடித்து முடித்தேன்.